பார்க்கிற கம்பி

எங்கள் வீட்டுக் கொடியில் நான்கு பல்லுக் கிளிப்புகள் இருக்கின்றன. இரண்டு பெரியவை, இரண்டு சின்னவை. துணிக்கென்று செய்தவை அல்ல. செம்பில் செய்து மேலே வெள்ளைப் பூச்சுக் கொடுத்தவை. பூச்சு போய்ப் பச்சை பிடித்துவிட்டது. ஒவ்வொன்றின் வாலிலும் விரல் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு இன்னும் தொங்குகிறது. பெரியவற்றில் தடித்த கம்பி, சின்னவற்றில் மெல்லிய கம்பி. பதுளையில் காற்று எழும்புகிற மாதங்களில் கடைக் கிளிப்புகள் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்து வீட்டுக் கூரையில் கிடக்கும். இவை மட்டும் கடித்ததை விடுவதில்லை. போன மாதம் அண்ணனின் மகள் இந்தியாவிலிருந்து வந்து ஒரு வாரம் எங்களோடு இருந்தாள். குளித்துவிட்டு வந்து, தலை துவட்டிய துவாயைக் கொடியில் போட்டவள், "இது என்னா அத்தை, பல்லு வச்ச கிளிப்பு?" என்று கேட்டாள். "ஒங்கப்பா குடுத்தது" என்றேன். அதற்கு அவள் ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. வாயால் பேசித் தெளிகிற பழக்கம் எனக்கு இல்லை. எழுதினால் தெளியுமா என்று பார்க்கிறேன். அவள் சொன்னது என்னவென்று கடைசியில் சொல்கிறேன்; முன்னால் நடந்தவை தெரியாமல் அது யாருக்கும் விளங்காது.

அண்ணன் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் கரண்டு வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசி அது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தன. வருடக்கணக்காகக் காலியாய்க் கிடந்த கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடியும் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அண்ணன் எந்தப் பரீட்சையும் எழுதியவரல்ல. முன்பிருந்த ஆள் இந்தியாவுக்குப் போனபோது, அவருக்கு ஏணி பிடித்தவர் என்ற ஒரே தகுதியில் அந்த வேலை கிடைத்தது. கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. ரோலர் மோட்டார் நின்றுவிட்டால் பக்கத்தில் குந்திக்கொண்டு காய்ச்சல்காரனிடம் பேசுவது போல் அதனிடம் பேசுவார். ஓடத் தொடங்கினால் அது தன்னால்; ஓடாவிட்டால் மழையால். வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் அவருக்குப் பெயரே கரண்டுக்காரர்தான். நான் அவருக்கு நேர் எதிர். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பெல்லாம் முடித்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் பிள்ளை பெறுகிற அறை ஒன்று, கட்டில்கள் போட்ட அறை ஒன்று, பின்னால் வெந்நீர் வைக்கிற சின்ன அறை ஒன்று, அவ்வளவுதான். காலையில் அடுப்பு மூட்டுவது, கத்தரிக்கோலும் துணியும் அவிப்பது, தரை கழுவுவது, மருத்துவிச்சி அம்மா கை நீட்டினால் வேண்டியதை எடுத்துக் கொடுப்பது. பேச வேண்டாத வேலை. அதனாலேயே எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் கட்டிடம் ஒரு காலத்தில், தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு அடுத்தவரான சின்னத் தொரையின் பங்களா. வெள்ளைக்காரர் காலத்தில் பெக்டரியிலிருந்து அதற்கு மண்ணுக்கடியில் ஒரு கேபிள் போட்டிருந்தார்கள். மேலே ஈய உறை, உள்ளே எண்ணெயில் ஊறிய கடுதாசி சுற்றிய செம்புக் கம்பிகள். கைத்தடி மொத்தம் இருக்கும். பங்களா ஆஸ்பத்திரியானதும், கொழுந்து பறிக்கிறவள் பிள்ளை பெறுவதற்குக் கரண்டு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, பெக்டரிப் பக்கத்தில் அதைக் கழற்றிவிட்டார்கள். கேபிள் அப்படியே மண்ணுக்குள் கிடந்தது. இந்தப் பக்கத்து முனை வெந்நீர் அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, அடுப்புக்கு மேலே, அடிபட்ட பாம்பு மாதிரித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதில் துடைப்பத்தை மாட்டிவைப்பேன்.

அண்ணியின் முதல் பிள்ளை அந்த ஆஸ்பத்திரியில் சிமினி விளக்கு வெளிச்சத்தில் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மருத்துவிச்சி அம்மா வெளியே வந்து, "வெளிச்சம் இருந்திருந்தா முன்னுக்கே கண்டிருப்பேன்" என்று அண்ணனிடம் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டே, "இருந்திருந்தாலும் காப்பாத்தியிருப்பேன்னு சொல்ல ஏலாது" என்றும் சொன்னார். இரண்டையும் நான் கேட்டேன். அண்ணன் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். அண்ணி மறுபடியும் முழுகாமல் இருப்பது தெரிந்த வாரத்திலேயே, அந்தக் கேபிளுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் போய் நின்றார். ஐயாவுக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால், மோட்டார்களைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் போகிற போக்கில் அந்தக் கேபிளையும் பார்த்திருந்தார். கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றை அதில் மாட்டி, கோப்பிக்கொட்டை அரைப்பது போலச் சுற்றிப் பார்த்து, கேபிள் கசிகிறது, உதவாது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"அவரு மெசின் வச்சிப் பாத்துச் சொல்லியிருக்காரு. நீ வாயால சொல்ற. தொரைக்கிட்ட நான் எதத் தூக்கிட்டுப் போறது, ஒன் வாயையா?" என்று ஐயா கேட்டார்.

"அப்ப நானும் மெசின் வச்சிப் பாக்குறேங்க. ஒண்ணு வாங்கித் தாங்க."

"ஒண்ணுதான். கேபிள் அளக்கிறதுக்குச் சரியானதாப் பாத்து எடு. ரெண்டாவது கேட்டீன்னா தொரை ஒன்னையத் தனியா வெரட்டமாட்டாரு, என்னையும் சேத்துத்தான் வெரட்டுவாரு."

இப்படித்தான் நாங்கள் பதுளைக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பஞ்சும் துணியும் வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. ஆணியிலிருந்து தண்ணீர்ப் பம்பு வரை எல்லாம் இருக்கும். நானா வயதானவர், தொப்பிக்கு மேலே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு அதைத் தேடுவார். கேபிளின் தடையை அளக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதும், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார். முதலாவது கைக்கு அடக்கமான முள்ளு மீட்டர், புதிது. இரண்டாவது எஞ்சினியரிடம் இருந்தது போலவே கைப்பிடி வைத்த கறுப்பு மெகர். மூன்றாவது மரப்பெட்டி; மேலே திருகுகிற குமிழ்கள், நடுவில் ஒரு முள், பக்கத்திலிருந்து நான்கு கம்பிகள், நுனியில் நான்கு கிளிப்புகள். ஏதோ ஒரு பழைய பட்டறையை மூடியபோது ஏலத்தில் எடுத்ததாம்.

"இது என்னத்துக்கு நானா நாலு கம்பி? மத்ததுக்கெல்லாம் ரெண்டுதானே?"

"அதைத்தான் நானும் ரெண்டு வருசமா யோசிக்கிறன் தம்பி. என்னத்துக்குப் பாவிக்கிற எண்டு எனக்கும் தெரியா. வாங்கினா எனக்கும் சொல்லித் தாங்க" என்றார் நானா.

பெட்டியின் மூடிக்குள் ஒரு படமும் நாலு வரி இங்கிலீசும் ஒட்டியிருந்தன. அண்ணன் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கடையில் சுருட்டி வைத்திருந்த மொத்தமான கேபிள் ஒன்றை இழுத்து மூன்றையும் சோதித்தார். முள்ளு மீட்டரின் இரண்டு முனைகளையும் கம்பியில் வைத்தால் முள் ஓரத்துக்குப் போய் ஒரு சின்ன அளவைக் காட்டியது. அழுத்திப் பிடித்தால் ஒன்று, லேசாகப் பிடித்தால் வேறொன்று. கேபிளை விட்டுவிட்டு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டபோதும் ஏறக்குறைய அதையே காட்டியது. "பாத்தீங்களா, இது கேபிள அளக்கல. தன்னோட வயரையே அளந்துக்கிட்டு இருக்கு" என்று அண்ணன் அதை ஒதுக்கினார். பிறகு மரப்பெட்டியின் நான்கு கிளிப்புகளையும் மாட்டி, படத்தில் இருந்தபடி குமிழைத் திருகித் திருகி முள்ளை நடுவில் நிறுத்தினார். குமிழில் ஒரு எண் நின்றது. கழற்றி மறுபடி மாட்டினார், அதே எண். கிளிப்பை அழுத்தினார், ஆட்டினார், அதே எண். அண்ணனின் முகம் மாறிப்போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாறாத பதில் சொல்கிற ஒரு சாமானை அவர் தன் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்திருப்பார்.

மெகரை நானாவே மாட்டிச் சுற்றினார். செம்புக் கம்பிக்கும் வெளி உறைக்கும் நடுவில். முள் விறுவிறுவென்று ஒரு ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. நானா கை மாற்றிச் சுற்றினார். முள் அசையவில்லை.

"ஒண்ணுமே சொல்லாம மூலையில போய் நிக்குதே."

"ஒண்ணும் கசியாட்டி அது என்னத்தச் சொல்ற தம்பி? அது கசிவு பாக்கிற சாமான். மத்தது கம்பி பாக்கிற சாமான் போல. ரெண்டும் வேற வேற எண்டு நெனக்கிறன்."

"நானா, சும்மா நிக்கிறதுக்கு எங்க தங்கச்சியே போதும். இது எதுக்கு?" என்று அண்ணன் சிரித்தார். நானாவும் சிரித்தார். நான் பஞ்சுப் பொதியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். மரப்பெட்டிதான் பஸ் ஏறியது.

வழியில் அதை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் சன்னமாகப் பாட்டு முணுமுணுத்தார். என்னவோ போல் இருந்ததால், "அந்தக் கறுப்புப் பெட்டி ஏண்ணே வேணாம்?" என்று கேட்டேன். நானாகக் கேள்வி கேட்பது அபூர்வம் என்பதால் அவர் பாட்டை நிறுத்தினார். "அது எஞ்சினியரோட சாமான் புள்ள. அவரு சொன்னதத்தான் அதுவும் சொல்லும்" என்றார். அந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை மனதில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு சாமான் யாருடையதோ அவருக்காகவா பேசும்? பேசாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் தன் கேபிளைக் கெட்டது என்று சொன்ன சாமானைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு மனிதனால் முடியுமா என்று யோசித்தால், அதுவும் முடியாது என்றுதான் தோன்றுகிறது.

நான்கு கம்பி எதற்கு என்பதை அண்ணன் அடுத்த சில நாட்களில் படத்தைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அண்ணிக்குச் சொன்னார், அண்ணி தூங்கிப்போனாள். எனக்குச் சொன்னார். "இதுல தடிச்ச ரெண்டு கம்பியும் கரண்ட சொமந்துக்கிட்டுப் போகும். மெல்லிசு ரெண்டும் ஒண்ணும் சொமக்காது, சும்மா பாத்துக்கிட்டு இருக்கும். சொமக்கிறவன்கிட்ட பாரம் எவ்வளவுன்னு கேட்டா, தன்னோட களைப்பையும் சேத்துச் சொல்லுவான். பாத்துக்கிட்டு இருக்கிறவன்கிட்டதான் கேக்கணும். அவனுக்குக் களைப்பு இல்ல, உள்ளதச் சொல்லுவான்." பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்து, "ஒன்னைய மாதிரி. நீ பாக்குற கம்பி" என்றார். அது கேலியா பாராட்டா என்று தெரியாமல் நான் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

பெக்டரி ஓடாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கேபிளை அளந்தோம். ஒரு முனையில் கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கட்டிவிட்டு மறு முனையில் அளக்க வேண்டுமாம். முறுக்குவது ஆஸ்பத்திரி முனையில் நான். அளப்பது பெக்டரி முனையில் அண்ணன். கட்டி முடித்ததும் வெள்ளைச் சீலையை ஆட்டுவதாக ஏற்பாடு. அன்றைக்கென்று பனிமூட்டம் பெக்டரியையே விழுங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் எனாமல் பேசினை எடுத்துக் கரண்டியால் அடித்தேன். லயத்திலிருந்து நாலைந்து பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். "யாருக்குடி புள்ள?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்கள். எனக்கு வெட்கத்தில் வாய் வரவில்லை. மருத்துவிச்சி அம்மா உள்ளேயிருந்து, "கேபிளுக்கு. ஆணா பொண்ணான்னு கரண்டுக்காரர்கிட்டக் கேளுங்க" என்றார். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அதுதான் பேச்சாம். கேபிளுக்குத் தொட்டில் கட்டியாச்சா என்று அண்ணனிடமே கேட்டிருக்கிறார்கள்.

அண்ணனுக்கு எதுவும் உறைக்கவில்லை. முள் நடுவில் வந்து நின்றதாம். எண் அத்தனை சின்னதாம். செம்பு புதுசு மாதிரி இருக்கிறது என்று டீமேக்கர் ஐயாவைக் கூட்டிவந்து, அவர் கண் முன்னாலேயே கழற்றிக் கழற்றி மாட்டி அதே எண்ணைக் காட்டினார். ஐயாவுக்கு அந்த எண் என்னவென்று தெரியாது. ஆனால் அது மாறாமல் இருந்தது அவரையும் மயக்கிவிட்டது. அண்ணன் என் பக்கத்து முனையைப் பார்க்க வந்தபோது நான் ஒன்று சொன்னேன். அடுப்புக்கு மேலே கேபிள் வருகிற இடத்தில் சுவர் ஈரமாகவே இருக்கும். கேபிளின் வாயில் சுற்றியிருந்த கடுதாசி, ஊறின ரஸ்க் மாதிரித் தளர்ந்திருந்தது.

"அண்ணே, இந்த எடத்துல செவரு வேர்க்குது."

"செவரு வேர்க்கட்டும் புள்ள. கேபிள் வேர்க்கல இல்ல?"

நான் அடுப்பைக் கிளறப் போனேன். அது சொல்ல வேண்டிய விஷயம்தானா, அல்லது வெந்நீர் அறை என்றால் அப்படித்தான் இருக்குமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, பிள்ளை பெறுகிற அறையில் பல்பைப் போட்டார்கள். டீமேக்கர் ஐயா வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்தார். வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். வருடக்கணக்காகக் கழுவிய தரையில் எங்கெல்லாம் கறை போகாமல் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பல்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அழுதாள்.

மழை தொடங்கியதும் கட்டில் கடிக்கத் தொடங்கியது. பிள்ளை பெறுகிற கட்டில் இரும்பு. சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. ஈரக் கையால் தொட்டால் கட்டெறும்பு ஊர்வது போல் விறுவிறுக்கும். வெந்நீர் அண்டாவைத் தொட்டாலும் அப்படியே. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. வெயில் வந்த மத்தியானங்களில் ஒன்றுமே இருக்காது. மருத்துவிச்சி அம்மா முறையிட்டதும் அண்ணன் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அளந்தார். அதே நல்ல எண். இன்னொரு நாள் அளந்தார். அதே எண். "மீட்டர் பொய் சொல்லாது" என்றார். "கட்டில் பொய் சொல்லுதா?" என்று அம்மா கேட்டார். அண்ணன் கிளிப்புகளைக் கழற்றிப் பெட்டியை மூடினார். இரவில் தூக்கமில்லாமல் பெட்டியின் மூடியைத் திறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அண்ணி சொன்னாள். அண்ணனின் குழப்பத்தைப் பார்த்து எனக்கும் குழப்பம். அம்மாவின் கை சொல்வதும் உண்மை, பெட்டி சொல்வதும் உண்மை. இரண்டு உண்மை ஒரே கேபிளில் எப்படி இருக்கும்?

அண்ணிக்கு நோவு கண்டது அடைமழை நாளொன்றில், பின்னேரம். பனியும் மழையுமாக அறைக்குள் விளக்கில்லாமல் முகம் தெரியாது. பல்பு எரிந்தது. அண்ணியைக் கட்டிலில் ஏற்றி, அம்மா ஈரக் கையைக் கட்டிலில் ஊன்றியவர் "ஆத்தே" என்று கையை உதறினார். இந்த முறை எறும்பு இல்லை, தேள். அண்ணி கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "தங்கச்சி, ஓடிப் போயி லைட்ட அணைக்கச் சொல்லு. இந்தக் கட்டில்ல வச்சி நான் புள்ளய எடுக்கமாட்டேன்" என்றார் அம்மா.

மழையில் இறங்கிப் பெக்டரிக்கு ஓடினேன். அண்ணன் சுவிட்சுப் பலகைக்குக் கீழே, யாரும் தொட்டுவிடாதபடி காவல் மாதிரி நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "பொறந்திருச்சா?" என்றார்.

"நிப்பாட்டுங்கண்ணே. கட்டில் அடிக்குது. அம்மா நிப்பாட்டச் சொன்னாங்க."

"நான் காலையிலகூட அளந்தேனே" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பெட்டியிடம் சொல்வது போல் இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. "நீ தொட்டுப் பாத்தியா?" "பாத்தேன்." வேறொன்றும் கேட்காமல் தன் கையாலேயே சுவிட்சை இழுத்தார். மேட்டில் ஆஸ்பத்திரி ஜன்னலில் தெரிந்த மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது.

நான் திரும்பி ஏறும்போது அவர் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினார். கையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. பெக்டரி ஸ்டோரில் இருப்பது. கோயில் திருவிழாவுக்கு எடுப்பார்கள். சிமினி விளக்குப் போல் அல்லாமல் சீறிக்கொண்டு எரிகிற அதைப் பிரசவ அறைக்குள் கொண்டுவர அம்மா விடமாட்டார். ஆம்பிளை உள்ளே வருவதும் வழக்கமில்லை. ஆகவே அண்ணன் ஜன்னலுக்கு வெளியே, கூரை இறவாணத்துக்குக் கீழே நின்றார். முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, விளக்கைத் தோளுக்கு மேலே உயர்த்தி ஜன்னலோரம் பிடித்தார். சாரல் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும் என்று மறு கையால் ஒரு தகரத் துண்டை அதற்குக் குடையாகப் பிடித்தார். அவருடைய தலை முழுக்க மழையில். "கொஞ்சம் ஒசத்துங்க" என்பார் அம்மா. விளக்கு உயரும். "இந்தப் பக்கம்." விளக்கு நகரும். திரும்பிப் பார்க்கவில்லை. கை நடுங்கும்போது அறை முழுவதும் நடுங்கியது. இந்தப் பிள்ளைக்கும் கொடி கழுத்தில்தான் இருந்தது. அம்மா கண்டுவிட்டார். விரலை விட்டுத் தளர்த்தி எடுத்தார். நான் கத்தரிக்கோலை நீட்டினேன். பிள்ளை கத்தியபோது அண்ணன் விளக்கைச் சட்டென்று இறக்கினார். அதன் சூடான தொப்பி காதோரம் பட்டுத் தோல் உரிந்துபோனதை மறுநாள்தான் அவரே கவனித்தார்.

அந்த விளக்கு முதல் பிள்ளையின் போதும் அதே ஸ்டோரில்தான் இருந்தது. யாருக்கும் அது ஏன் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியாது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. எனக்குத் தோன்றியது அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்காது.

அடுத்த கிழமை அண்ணன் பதுளைக்குப் போய் நானாவிடம் நின்றார். "அண்டைக்கே மேசையில வச்சேனே தம்பி" என்று சொல்லிவிட்டு, நானா மெகரை ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தார். மறுநாள் காலையில் அண்ணன் அதை ஆஸ்பத்திரி முனையில் மாட்டிச் சுற்றினார். முள் எஞ்சினியர் சொன்ன பக்கமே சாய்ந்தது, கசிவு. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுப்பு அணைந்து, வெயிலும் கொஞ்சம் எட்டிப்பார்த்த நேரத்தில், பெட்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் மனம் கேட்காமல் இன்னொரு தடவை சுற்றினார். முள் மெதுவாக எழும்பி நல்ல பக்கத்துக்குப் போனது. "காலையில கெட்ட கேபிள், மத்தியானம் நல்ல கேபிளா? இது என்னா புள்ள கூத்து?" என்று என்னைக் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். அவரும் சுவரைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மெகரைக் கழற்றிச் சாக்கில் சுற்றினார். அந்த மாதமே, புகை தாங்க முடியவில்லை என்று மருத்துவிச்சி அம்மா சண்டை பிடித்து வெந்நீர் அடுப்பைக் கட்டிடத்துக்கு வெளியே மாற்றிக்கொண்டார். அண்ணன் கேபிளின் ஊறிப்போன தலையை வெட்டிவிட்டு, மெழுகும் தாரும் வைத்து அடைத்தார். அதன்பிறகு மறுபடி கரண்டு கொடுத்தபோது கட்டில் யாரையும் கடிக்கவில்லை. ஆவி குறைந்ததாலா, மெழுகாலா, மழை விட்டதாலா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. "கேபிள் நல்லதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அண்ணன் டீமேக்கர் ஐயாவிடம் மார்தட்டினார். சொன்னது உண்மைதான். கசிகிறது என்று எஞ்சினியர் சொன்னதும் உண்மைதான். இரண்டும் வேறு வேறு சாமான் என்று நானா சொன்னதும் உண்மைதான். யார் சரி என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

தோட்டத்து ஆட்களை இரண்டு நாடுகளும் பங்குபோட்டுக்கொண்டதில் அண்ணனுக்கு வந்தது இந்தியப் பாஸ்போர்ட்டு. எனக்குப் பதுளையில் கல்யாணம் முடிந்து, கணவர் வழியில் இந்த நாடு என்று ஆனது. அவர்கள் ஸ்டேஷனில் கோச்சி ஏறிய நாளில் அண்ணன் என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதற்கு முன்பே மரப்பெட்டிக்குப் புதுக் கம்பிகள் போட்டிருந்தார். கழித்த பழைய கிளிப்புகள்தான் பொட்டலத்தில். "தூக்கிப்போட மனசு வரல. துணி கிணி காயப்போடு" என்றார். காதோரம் அந்தத் தழும்பு அப்போதும் சிவப்பாகவே இருந்தது. பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கோத்தகிரிப் பக்கத்தில் இறந்துபோனார்.

இனி, கொடியடியில் நின்று அவர் மகள் சொன்னது. "அத்தை, அந்தத் தோட்டத்துலயே கரண்டு வெளிச்சத்துல பொறந்த மொத புள்ள நான்தான்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்காகத்தான் லைட்டு இழுத்தாராம். காதோரம் ஒரு தழும்பு இருக்கும் அவருக்கு, அதுகூட அந்தக் கரண்டு வேலையில பட்டதுன்னுதான் சொல்லுவாரு. அம்மா சிரிக்கும், ஒண்ணும் சொல்லாது. நான் நம்பாத மாதிரி சிரிச்சா, 'சந்தேகமா இருந்தா ஒங்க அத்தையக் கேளு, அவதான் பக்கத்துல நின்னு பாத்தா'ம்பாரு. நெசமா அத்தை?"

அண்ணன் ஏன் அப்படிச் சொல்லிவைத்தார் என்பதுதான் என் குழப்பம். தங்கச்சி வாய் திறக்கமாட்டாள், தான் சொன்னது அப்படியே நிற்கும் என்று நம்பினாரா? அல்லது, தன் வாயால் சொல்ல முடியாததை ஒரு நாள் நான் சொல்லட்டும் என்று என்னிடம் அனுப்பினாரா? சுமக்கிறவன் களைப்பையும் சேர்த்துச் சொல்வான், பார்க்கிறவனிடம்தான் கேட்க வேண்டும் என்றவர் அவர்தானே. பஸ்ஸில் மரப்பெட்டியை மடியில் வைத்திருந்த மனிதனுக்குக் கரண்டு வெளிச்சம்தான் பெருமை. எனக்கு அந்த ஜன்னலில் நடுங்கிய வெளிச்சம்தான் பெரிது. எது பெரிது என்று அளக்கிற சாமான் என்னிடம் இல்லை.

"வெளிச்சம் இருந்திச்சு" என்றேன் அவளிடம். "நல்ல வெளிச்சம். ஒங்கழுத்துல சுத்தியிருந்தது நல்லாத் தெரிஞ்சிச்சு." அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் சந்தோஷமாக ஈரத் தலையைக் கோதிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இந்தியாவிலிருந்து எனக்குப் போன் எடுப்பாள். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தக் காது எப்படிச் சுட்டது என்பதை மட்டும் சொல்லிவிடலாம் என்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தோன்றுகிறது. அவள் மறந்துவிட்டுப் போன துவாய் இன்னும் கொடியில்தான் இருக்கிறது. காய்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. காற்று அதைத் தூக்கித் தூக்கி அடிக்கிறது. மெல்லிய கம்பி தொங்குகிற சின்னக் கிளிப்புகள் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் இன்னும் கழற்றவில்லை.